கேட்டா குடுப்பேன்

மீன் கூடையில் கேட்காமல் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கே செய்து காட்டிய பெருமை என்னுடையது. புதிதாகக் குடிவந்த வாரம் அது. தெருவுக்கு ஸ்கூட்டரில் வரும் மீன்காரி அரை கிலோ இறால் நிறுத்து என் பாத்திரத்தில் போட்டிருந்தாள். எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே என்று, நாலு இறாலைக் கொத்தாக எடுத்துக் கொசுறாகப் போட்டுக்கொண்டேன். அவள் திட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி, அரை கிலோவையும் கூடையில் கவிழ்த்தாள். நான் கொடுத்த பணத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மடக்கினாள்.

"கேட்டிருந்தா ஒரு கை அள்ளிப் போட்டிருப்பேன். கை வச்சிட்ட. எனக்கு யாவாரம் வேணாம், போ."

எதிர்வீட்டு ஜன்னல் வரைக்கும் கேட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நாலு இறாலுக்கு இத்தனை ராங்கியா? மூன்று வாரம் அவளிடம் வாங்கவில்லை. கடையில் உறைய வைத்து விற்கும் மீனை வாங்கிக் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு வாரம் சாப்பிட்டார். ஆனால் மூன்றாவது வாரம் தட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார் பாருங்கள், அதற்குப் பிறகு ரோஷம் பார்த்து என்ன பயன்? மறுநாள் காலை வாசலில் நின்று, "அக்கா, கொசுறு போடுவீங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த ஹெல்மெட்டே ஆடியது. வாங்கியதில் பாதி அளவுக்குக் கொசுறு விழுந்தது.

"இத கேக்கறதுக்கா இம்மாம் நாளு?" என்றாள்.

அக்காவுக்கு அப்போது நாற்பது, நாற்பத்திரண்டு இருக்கும். கடலோரக் குப்பத்துக்காரி. புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் வைத்த மல்லிப்பூவுக்கு மேலேயே ஹெல்மெட், ஸ்கூட்டரின் முன்னும் பின்னும் ஐஸ் பெட்டி. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுப்பாள். முதலில் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருக்களில் இருக்கும் விடுதிச் சமையலறைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு லாஸ்பேட்டைக்கு வருவாள். நான் கோர்ட்டுக்கு எதிரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை 'ரைட்டரம்மா' என்றுதான் கூப்பிட்டாள். எனக்குச் சம்பளம் கூடவில்லை என்றாலும் பதவி கூடியது.

கேட்பது என்பதில் அவளுக்கு ஒரு கிறுக்கு இருந்தது என்றே சொல்வேன். தெருக்குழாயில் ஒரு செம்பு தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றாலும், பக்கத்து வாசலைப் பார்த்து, "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் திறப்பாள். முனிசிபாலிட்டி குழாய், யாருக்கும் சொந்தமில்லை. நாலு வருஷம் தினமும் கேட்டாள். மீன் அரியும்போது இரண்டு பூனைகள் வரும். ஒன்று எதிரில் உட்கார்ந்து கத்தும், அதற்குத் தலையும் குடலும் கிடைக்கும். இன்னொன்று பின்பக்கமாக வந்து லவட்டப் பார்க்கும், அதற்குத் தண்ணீர்தான் தெளிப்பாள். பாவம் அதுவும் வாயில்லா ஜீவன்தானே அக்கா என்று ஒருநாள் பரிந்து பேசினேன்.

"வாயில்லன்னு நீ சொல்ற. அந்தப் பக்கம் உக்காந்து கத்தறதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு வாயி?"

பூனைக்கு வக்காலத்து வாங்கியது என் தப்பு.

இனி அவள் பாட்டு. மீன்காரர்கள் எல்லோரும் கூவுவார்கள். அக்கா பாடுவாள். 'வஞ்சிரம் வருது வழிய விடு, சங்கரா செவக்குது சட்டிய எடு' என்று ஆரம்பிக்கும். அன்றைக்கு என்ன மீனோ அதற்கு ஒரு வரி, தெருவில் யார் வீட்டில் என்ன விசேஷமோ அதற்கு ஒரு வரி. எங்கள் வீட்டுக்கு மாமனார் வந்து தங்கியிருந்தபோது, 'ரைட்டரம்மா மாமனாரு பல்லு கட்டி வந்திருக்காரு, முள்ளில்லாத மீனிருக்கு' என்று பாடியதில், மனிதர் வெட்கப்பட்டு உள்ளே ஓடினார். வரிகள் மாறும், மெட்டு மாறாது. கடைசியில் எப்போதும் ஒரே முடிவு: 'கெஞ்ச வேணாம் கொஞ்ச வேணாம், கேட்டா குடுப்பேன் வா'. அந்த 'வா' ஏறி, ஒரு வளைவு வளைந்து, இறங்கும். அடுப்பில் பால் பொங்கினாலும் அந்த வளைவு முடிந்த பிறகுதான் நான் உள்ளே போவேன்.

ஒரு பனிக்காலத்தில் அடிக்கடி தொண்டை கட்டிக்கொண்டதால், குரல் தெளிந்திருந்த ஒருநாள் மொபைல் கடையில் பாட்டைப் பதிவு செய்து, ஸ்கூட்டரில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டாள். ஒரே மாதத்தில் அந்தப் பாட்டு இன்னொரு வண்டியிலும் கேட்டது. காலாப்பட்டுப் பக்கத்திலிருந்து லோடு ஆட்டோவில் மீன் கொண்டுவரும் ஒருவன், அதே கடையில் அதைப் போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். எங்கள் தெரு முனையில் இரண்டு வண்டிகளும் எதிரெதிரே வந்து நின்றன. இரண்டிலும் அக்காவே பாடிக்கொண்டிருந்தாள். நான் டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் வாசலுக்கு ஓடி வந்தேன். சண்டை பார்க்க யாருக்குத்தான் ஆசை இல்லை?

அக்கா வண்டியை நிறுத்திவிட்டு அவன் எதிரில் போய் நின்றாள். "என்னைக் கேட்டியா?"

அவன் ஆறடி ஆள். "இல்லக்கா. கடைக்காரன்தான் போட்டுக் குடுத்தான்…"

"அவன் பாடினானா? என்னைக் கேட்டியா?"

"இல்லக்கா."

"இப்ப கேளு."

அவன் சுற்றிலும் பார்த்தான். தெருவே வாசலில் நின்றது. "அக்கா… பாட்டைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்க. நான் லாஸ்பேட்டை முடிச்சிட்டுப் போனப்புறம் வா. ரெண்டு பேரும் ஒண்ணா கத்தினா நாயிகூட வராது."

அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று போய்விட்டது. டிபன் பாக்ஸில் இருந்த உப்புமாவைத்தான் காக்கா கொத்திவிட்டுப் போயிருந்தது.

இதற்கு ஒன்றரை வருஷம் கழித்து ஒருநாள் காலை, அக்கா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் குழப்பம்.

"ரைட்டரம்மா, என் பாட்டு டீக்கடைல பாடுது. நான் இங்க இருக்கேன்."

டீக்கடையில் மட்டுமா பாடியது! அந்த வாரம் ஊரே பாடியது. சென்னையில் இசையமைக்கும் ஒரு இளைஞன், அக்காவின் குரலை அப்படியே எடுத்து, அடியில் மேளமும் அதிர்வும் சேர்த்து, ஒரு கம்பெனி மூலமாக வெளியிட்டிருந்தான். கல்லூரிப் பெண்கள் பஸ் ஸ்டாண்டில் அதற்கு ஆடி ரீல்ஸ் போட்டார்கள். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சட்டி நீட்டி ஆடினான். அக்காவின் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் போனில் எடுத்துக் காட்டினாள். இசை, வரிகள் என்று அந்தப் பையனுடைய பெயர் இருந்தது. குரல் என்ற இடத்தில் 'தெருக்குரல்' என்று போட்டிருந்தார்கள்.

அக்கா அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். "தெரு பாடுமா ரைட்டரம்மா?" என்றாள்.

முதலில் அவளுக்குக் கோபம்கூட இல்லை. நல்லாத்தான் பண்ணியிருக்கான் என்றாள். என்றைக்காவது வருவான், கேட்பான் என்று நிஜமாகவே நம்பினாள். வஞ்சிரம் நல்லதாகக் கிடைத்தால் அவனுக்காக ஒரு துண்டை எடுத்து வைப்பாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம். இப்படியும் ஒரு வெகுளி உண்டா!

வந்தது அவன் இல்லை. மகள் அம்மாவின் வியாபாரத்துக்காக வீடியோ போட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அக்கா ஸ்கூட்டரில் பாடிக்கொண்டு வருவாள், கீழே போன் நம்பர் இருக்கும். அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் வீடுகள் பெருகி, அந்த வருமானத்தில்தான் நர்சிங் ஃபீஸே ஓடியது. அந்த வீடியோக்களில் ஒருநாள் சத்தம் போய்விட்டது. அக்கா வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஊமைப்படம் மாதிரி. அடியில் ஒரு அறிவிப்பு: இந்த ஒலி இன்ன கம்பெனிக்குச் சொந்தம், அனுமதியில்லாமல் பயன்படுத்தியதால் நீக்கப்பட்டது. மூன்றாவது தடவை மகளின் கணக்கையே பூட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம், ஐஸ் பெட்டியோடு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். எங்கள் வக்கீல் சாருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்தில் பத்திரம் பதியும் நொத்தேராக இருந்தவர். குப்பத்துப் பெரியவர்கள் இன்னமும் அந்த இடத்தை 'நொத்தேர் வீடு' என்பார்கள். அக்காவும் அப்படிக் கேட்டுத்தான் கண்டுபிடித்து வந்தாள். படியேறும் முன், "மீன் வாடை அடிக்கும், வரட்டுமா?" என்று கேட்டாள். பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு வந்தாள்.

"வக்கீலய்யா, என் கொரலை நான் போடக்கூடாதாம். நான் யாரையோ கேக்கணுமாம்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சார் பொறுமையாகக் கேட்டார். பாட்டைக் கட்டியவருக்கு ஒரு உரிமை, பாடியவருக்கு ஒரு உரிமை, ஒலியைப் பதிவு செய்து வெளியிட்டவருக்கு ஒரு உரிமை, மூன்றும் வேறு வேறு என்று விளக்கினார். மெஷின்தான் குரலை ஒப்பிட்டுப் பார்த்துப் பூட்டியிருக்கும், யார் முதலில் பாடியது என்று அதற்குத் தெரியாது, முதலில் பதிந்து வைத்தவன் பேரைத்தான் அது சொல்லும் என்றார். நோட்டீஸ் விடலாம் என்றார். எந்த எதிராளியானாலும் ஆள் வைத்துப் படிக்கட்டும் என்று சார் எப்போதும் தமிழில்தான் விடுவார். விவரத்தைச் சொல்லி, வாசகத்தை என்னிடம் விட்டுவிட்டு கோர்ட்டுக்கு ஓடினார். சாயங்காலம் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்தது. பன்னிரண்டு வருஷமாக நான் அடித்ததெல்லாம் நிலத்து வழக்கு. நிலத்தில் உரிமையைக் கெட்டியாகக் காட்ட வேண்டும் என்றால் எழுத ஒரு வாசகம் உண்டு, விரல்களே அடித்துவிடும். 'எமது கட்சிக்காரர் தலைமுறை தலைமுறையாகப் பாடி ஆண்டனுபவித்து வரும் மேற்படி பாட்டு' என்று அடித்தேன். நல்லவேளை, பாட்டுக்கு நான்கெல்லை எழுதாமல் விட்டேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கம்பீரமாக இருந்தது.

கம்பெனியிடமிருந்து மூன்றே வரியில் பதில் வந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாடப்படுவது என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்படியானால் அது நாட்டார் பாட்டு, இயற்றியவர் என்று ஒருவர் இல்லை, யாரும் எடுத்தாளலாம். சார் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மீன் வாங்கும்போதே சொல்லிவிட்டேன். "அக்கா, என் மேலதான் தப்பு. உங்க அம்மா, ஆயான்னு வழிவழியா வந்த பாட்டுன்னு எழுதிட்டேன். அதையே பிடிச்சிக்கிட்டாங்க."

மீனை அரிந்துகொண்டிருந்த கை நின்றது. "எங்க ஆத்தாவுக்குக் கூவவே வராது. அது ஊமையாட்டம் உக்காந்து விக்கும். மெட்டும் நான் கட்டினதுதான், வார்த்தையும் என்துதான். பொண்ணு கைக்கொழந்தையா இருக்கறப்போ, மடியில போட்டுக்கினு விப்பேன். சும்மா கூவினா அழுவும், இழுத்துப் பாடினா தூங்கும்." பிறகு என்னைப் பார்த்தாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே ரைட்டரம்மா."

இறாலை எடுத்த அன்றைக்கு வந்தது கோபம். இன்றைக்கு வந்தது வெட்கம். மூன்று வருஷம் அவளிடம் மீன் வாங்கியிருக்கிறேன், அந்தப் பாட்டுக்காகப் பாலைப் பொங்க விட்டிருக்கிறேன். யார் கட்டியது என்று ஒருநாள், ஒரே ஒருநாள், கேட்டேனா? கம்பெனிக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

அதன்பிறகு நான் சாரைத் தூங்க விடவில்லை. பாட்டு அவளுடையது, கம்பெனி வெளியிடுவதற்கு முன்பே அது இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். மொபைல் கடைக்காரனுடைய கம்ப்யூட்டர் மழையில் நனைந்து போய்விட்டது. தேடித் தேடி கடைசியில் கிடைத்தது அந்த லோடு ஆட்டோக்காரனிடம். அக்கா அவனைக் கேட்க வைத்த அதே நாளில், பாட்டை மச்சானுக்குப் போனில் அனுப்பியிருந்தான். கூடவே, 'இது அக்கா கட்டின பாட்டு, நான் கேட்டுட்டேன், நீ போடாத, உனக்கும் கேட்டுச் சொல்றேன்' என்று எழுதியிருந்தான். தேதியோடு பத்திரமாக இருந்தது.

சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "இதாம்மா லைசென்ஸு! இதைவிடச் சுத்தமா ஒருத்தன் எழுத முடியாது" என்றார். ஆட்டோக்காரன் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து பிரமாண வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டான். கோர்ட்டுக்குக் கூப்பிடுவார்களா என்று மூன்று தடவை கேட்டான், ஆனால் போட்டான்.

பழைய நோட்டீஸைத் திருத்திப் புது நோட்டீஸ் விட்டோம். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் அக்காவுக்குப் படித்துக் காட்டி, சரியா சரியா என்று கேட்டுத்தான் அடித்தேன். கம்பெனி இறங்கி வந்தது. எழுத்தில் பேசியது போதும், நேரில் வருகிறோம் என்றார்கள்.

முடிவில் என்ன ஆயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதுவரை ஓடியதற்கு ஒரு தொகை கொடுத்தார்கள், மகளுடைய கடைசி வருஷப் படிப்பு அதில் முடிந்தது. கணக்கின் பூட்டைத் திறந்தார்கள், வீடியோக்களில் சத்தம் திரும்ப வந்தது. அந்தச் சென்னைப் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பிற்பாடு வேறொரு பாடகியை வைத்து, வேறு வார்த்தை, வேறு மெட்டு போட்டு ஒன்று வெளியிட்டார்கள். அதற்கு யாரும் ஆடவில்லை. மகளுக்குக் காரைக்காலில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்து, அக்காவும் அங்கே போய்விட்டாள். இப்போது காரைக்காலில் ஏதோ ஒரு தெருவில் யாரோ பாலைப் பொங்க விட்டுக்கொண்டிருப்பார்கள். கொடுத்து வைத்தவர்கள். இங்கே நான் மறுபடி கடை மீன்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது கம்பெனிக்காரர்கள் நேரில் வந்த அந்த நாளைப் பற்றி.

கம்பெனியின் மேலாளர் ஒருவரும் அந்தப் பையனும் வந்தார்கள். பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மேலாளர் ஒரு ஒப்பந்தத்தை நீட்டினார். ஏற்கெனவே ஓடியதற்கு ஒரு தொகை, அது எப்படியும் உண்டு. பாட்டை முழுசாக எழுதிக் கொடுத்தால் இன்னொரு தொகை. அந்த இன்னொரு தொகையைப் பார்த்து எனக்கே மூச்சு நின்றது. ஒழுகுகிற வீட்டைக் கட்டலாம், கடனை அடைக்கலாம், அக்கா ஏலத்துக்குப் போகாமல் இரண்டு வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம். நான் மேஜைக்குக் கீழே அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

சார் அவளுக்குப் புரிகிற மாதிரி படித்துச் சொன்னார். உலகம் முழுக்க, எந்தக் காலத்துக்கும், இப்போது இருக்கிற கருவியிலும் இனிமேல் கண்டுபிடிக்கப் போகிற கருவியிலும் பாட்டு அவர்களுடையது.

"அப்ப நான் வண்டில போடணும்னா?"

"இவங்களைக் கேட்டுட்டுப் போடணும்" என்றார் சார்.

"அதெல்லாம் நாங்க ஆட்சேபிக்க மாட்டோம்மா" என்று மேலாளர் குழைந்தார்.

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. பையனைப் பார்த்தாள். "நீ சொல்லுப்பா. எங்க நின்னு புடிச்ச?"

"கெஸ்ட் ஹவுஸ் மாடிலக்கா. காலைல நீங்க கீழ மீன் குடுத்துட்டுப் பாடிக்கிட்டே போனீங்க. எனக்கு அப்படியே புல்லரிச்சிடுச்சு. போன்ல எடுத்துட்டேன். தெருவுல கேக்கற சத்தத்துக்கெல்லாம் ஆளு இருப்பாங்கன்னு தோணல. தப்புதான்க்கா."

"கீழ எறங்கி வந்திருக்கலாமில்ல."

"வந்திருக்கணும்." அவன் மேலாளரைப் பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பார்க்காமல், அவளைப் பார்த்தே கேட்டான். "இப்ப கேக்கறேன். உங்க பாட்டை நான் எடுத்துக்கட்டுமாக்கா?"

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. முடிந்தது, கேட்டுவிட்டான். கேட்டவனுக்கு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. ஆட்டோக்காரனுக்குச் சும்மாவே கொடுத்தவள், இந்தத் தொகைக்குக் கொடுக்க மாட்டாளா? பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினேன்.

அக்கா பேனாவுக்கு மூடியைப் போட்டு என் பக்கமே நகர்த்தினாள். பிறகு, "வேணாம்ப்பா" என்றாள்.

மேலாளர் தொகையைப் பற்றிப் பேசலாம் என்றார். "தொகை கொறைச்சல்னு சொல்லல சார். புள்ள கேட்டான், நான் பதில் சொன்னேன்" என்றாள். குரலில் கடுமையே இல்லை. அவனிடம் சாப்பிட்டாயா என்று விசாரித்தாள், ஒல்லியா இருக்கே என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு எழுந்தான். அவனுக்கு முகம் தொங்கிப் போயிருந்தது. பாவமாகத்தான் இருந்தது. மேலாளர் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள்.

நான் பின்னாடியே அவளைத் துரத்திக்கொண்டு கீழே போனேன். ஸ்கூட்டரை உதைக்கப் போனவளை நிறுத்தி, வாய்க்கு வந்தபடி கத்தினேன். வீட்டு வாசலுக்கு வந்த லட்சுமியைக் காலால் தள்ளினால் யார் பொறுப்பு? எத்தனை நாள் அலைந்தோம்? அவன்தான் கேட்டுவிட்டானே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கத்தாத ரைட்டரம்மா. எனக்கும் காசு வேணும்தான், வேணாம்னு யாரு சொன்னது. ஆனா அவன் கேட்டப்போ மனசுல ஒண்ணு ஓடுச்சு. என்னை இதுவரைக்கும் எதையும் யாரும் தானா கேட்டதில்ல. ஆட்டோக்காரனைக்கூட நான்தான் கேக்க வச்சேன். கல்யாணத்தை முடிவு பண்ணிட்டு வந்து சொன்னாங்க. நகையை அடகு வச்சிட்டு வந்து சொன்னாங்க. எங்க மீன்புடி போட்டை வித்தாங்க பாரு, கரைக்குப் போயி நின்னப்புறந்தான் போட்டு இல்லன்னே எனக்குத் தெரியும். கேட்டிருந்தா எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். இன்னிக்கு இவன் கேட்டுட்டு, நான் இன்னா சொல்லப்போறேன்னு என் வாயவே பாத்துக்கினு நின்னான். சும்மா இல்லன்னு சொல்லிப் பாப்போமேன்னு தோணுச்சு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சொன்னேன். எழுந்து போயிட்டாங்க பாத்தியா?"

அவள் போன பிறகும் நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலே என் மேஜையில் யாரோ ஒருவருடைய சம்மதப் பத்திரம் பாதி டைப் அடித்தபடி இருந்தது, 'மனப்பூர்வமாகச் சம்மதித்து' என்கிற வாசகம் வரைக்கும் வந்திருந்தேன். என்னை யாராவது எதையாவது கேட்டது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், வேலை, இந்த ஊர், இந்த வீடு. வெகுநேரம் யோசித்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.